உள்ளே இருபத்தாறு

அந்தக் கதவை முதலில் மூடுங்கள். இல்லை, இன்னும் மூடவில்லை. ரப்பர் ஒட்டுகிற சத்தம் வர வேண்டும். ஆ, இப்போது மூடியது. இனி இந்த இரண்டாவது கதவைத் திறக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு இருக்கிற ஒரே சட்டம் அதுதான். உங்கள் வீட்டம்மா வரவில்லையா? பின்பக்கம் சுற்றிப் பார்க்கிறார்களா? பார்க்கட்டும். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

உட்காருங்கள், வியர்வை அடங்கட்டும். அதோ சுவரில் பாருங்கள். மேலே இருப்பது வெளியே, கீழே இருப்பது உள்ளே. வெளியே நாற்பத்திரண்டு, உள்ளே இருபத்தாறு. முழு வீட்டுக்கும் ஒரே ஒரு சின்ன ஏசி. அதுவும் பாதி நேரம் சும்மா கிடக்கிறது. எதிர்வீட்டில் நாலு. நாலும் பகல் முழுக்க உறுமும். உங்களுக்குக் கேட்காது. இந்த வீட்டுக்குள் வெளியே நடக்கிற எதுவும் கேட்காது. சன்னலுக்கு மூன்று கண்ணாடி. அந்தச் சுகம் உள்ளே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

தண்ணீர் குடியுங்கள்.

நீங்கள் திருவண்ணாமலையில் கட்டப் போகிறீர்கள் என்று போனில் சொன்னீர்கள். அங்கேயும் பாறைதான், இங்கேயும் பாறைதான். வேலூரில் மலை பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி திருப்பிக் கொடுக்கும். நான் முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பிளான் போட்டுக் கொடுத்தவன். கல்யாண மண்டபம், ஸ்கூல், நர்சிங் ஹோம். எல்லாம் அடுப்புகள். கட்டி முடித்ததும் ஏசி வைத்துக் குளிர வைப்பார்கள். ஓய்வு பெறுகிற நேரத்தில் ஒரே ஒரு வீடாவது ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. அது இதுதான்.

கணக்கு எளிது. வெளியே இருக்கிற சூடு உள்ளே வரக் கூடாது. அதற்கு இரண்டு சுவர், நடுவில் தெர்மாகோல். காற்று போகிற சின்னச் சந்துகூட இருக்கக் கூடாது. மூச்சுவிடப் புதுக்காற்று வேண்டுமே, அது வடக்குப் பக்கம் ஒரு மிஷின் வழியாக வரும். வெளியே போகிற குளிர்ந்த காற்று, உள்ளே வருகிற சூட்டுக் காற்றைத் தணித்துவிட்டுத்தான் போகும். இது வரைக்கும் யாரும் செய்துவிடலாம். கஷ்டம் எங்கே என்றால், வீட்டுக்குள்ளேயே பிறக்கிற சூடு. டிவி, ஃபிரிட்ஜ், ஆள். ஆமாம், ஆள். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே பழைய நூறு வாட் குண்டு பல்பு எரிகிற மாதிரி. இப்போது நீங்கள் ஒரு பல்பு, நான் ஒரு பல்பு.

சிரிக்கிறீர்கள். அமிர்தமும் சிரிப்பாள். என் மனைவி அமிர்தவல்லி. "அப்ப விருந்தாளி வந்தா லைட்டு போட வேணாம், கரண்டு மிச்சம்" என்பாள். நல்ல ஹாஸ்யம். ஆனால் விஷயம் புரியாத ஹாஸ்யம்.

உங்கள் வீட்டம்மா ஆட்டோவை விட்டு இறங்கியதும் கேட்டார்களே, சமையல்ரூம் எங்கே என்று. பார்க்க வருகிற எல்லாப் பெண்களும் அதைத்தான் கேட்கிறார்கள். சுவரின் கனத்தைக் கேட்பதில்லை.

சமையல்ரூம் வெளியே இருந்தது. நீங்களே யோசித்துப் பாருங்கள். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, குழம்பு, ரசம். ஒரு குக்கர் நாலு விசில் அடித்தால் இந்த வீடு அந்த ஆவியை வெளியே தள்ளுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். மேல்நாட்டில் இதே மாதிரி வீடு கட்டுகிறார்கள் என்றால் அங்கே குளிர். சமைத்தால் அவர்களுக்கு லாபம். அவர்கள் ரொட்டியை வாட்டுகிறார்கள், முடிந்தது. நம் சமையல் அப்படியா? கடுகு தாளித்தாலே ஒரு யுத்தம். அதனால் அடுப்பை வெளியே எடுத்தேன். மேற்குச் சுவரை ஒட்டி, தகரம் போட்டு, ஒரு ஷெட். கிழக்கே வாசல், வடக்கே மிஷின். ஷெட்டின் சூடு புதுக்காற்றில் கலந்துவிடக் கூடாது, பாருங்கள். தெற்கே காம்பவுண்டு இடிக்கும். மிச்சம் மேற்குதான். ஆமாம், மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக விழும். ஆனால் மத்தியானத்துக்குள் சமையல் முடிந்துவிடுமே.

தகரத்துக்கு அடியில் தெர்மாகோல் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சிந்துஜா கேட்டாள், என் மகள், பெங்களூரில் இருக்கிறாள். அந்த ஷெட் வீட்டில் சேராதது. கணக்கில் வராத இடம். கணக்கில் வராத இடத்துக்கு எதற்குத் தெர்மாகோல்?

அமிர்தம் அந்த ஷெட்டில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு ரேடியோ. பிறகு காய்க்காரி, பக்கத்து வீட்டம்மா, எல்லாரும் அங்கேயே வந்து பேச ஆரம்பித்தார்கள். சமையல் முடிந்த பிறகும் உட்கார்ந்திருப்பாள். நான் போய், உள்ளே வா, எவ்வளவு குளுகுளுவென்று இருக்கிறது என்பேன். "உள்ள வந்தா காதை அடைச்ச மாதிரி இருக்குங்க. தெருவுல யாரு போறாங்க, யாரு வர்றாங்கன்னு ஒண்ணும் தெரியலை" என்பாள். தெருவில் யார் போனால் இவளுக்கு என்ன? ஆனால் நான் வற்புறுத்தவில்லை. அவள் இஷ்டம்.

ஃபேன் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபேன் போட்டுக் கொடுத்தேன். போட்டால் அடுப்பு அணைகிறது என்று அவள்தான் போடவில்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை.

அதோ அந்தச் சின்ன எஃகுக் கதவு தெரிகிறதா, சாப்பாட்டு மேஜைக்கு மேலே? வீட்டுக்குச் சான்றிதழ் கொடுக்க வந்த பரிசோதனைக்காரர்களே அதைப் பார்த்துத்தான் அசந்துபோனார்கள். சுவருக்குள் ஒரு பெட்டி. இந்தப் பக்கம் ஒரு கதவு, ஷெட் பக்கம் ஒரு கதவு. அவள் குழம்பை அந்தப் பக்கம் வைத்து, கதவைச் சாத்தி, ஒரு தட்டு தட்டுவாள். நான் இந்தப் பக்கம் திறந்து எடுத்துக்கொள்வேன். சாப்பாடு வரும், சூட்டுக் காற்று வராது. நான் காபி டம்ளரையோ தட்டையோ திருப்பி வைத்தால், சாத்திவிட்டு இரண்டு தட்டு. டொக், டொக். அவள் எடுத்துக் கழுவிவிடுவாள். பேசவே வேண்டாம். பேசினாலும் கேட்காது. நானே வரைந்து, அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. "ஜெயில்ல இப்படித்தாங்க கொடுப்பாங்க" என்றாள் முதல் நாள். பழகிவிட்டது.

ஒரே ஒரு தொந்தரவு ஈரம். வியர்வையோடு ஒரு ஆள் உள்ளே வந்தால் ஈரப்பதம் ஏறிவிடும். அவளுக்கோ புடவை முதுகில் ஒட்டியிருக்கும். அதனால் நீங்கள் இப்போது வந்தீர்களே, அந்த இரண்டு கதவுக்கு நடுவில், அங்கே ஒரு முக்காலி போட்டு வைத்தேன். வியர்வை காய்கிற வரைக்கும் அதில் உட்கார்ந்துவிட்டு வருவாள். நான் ஒரு தடவைதான் சொன்னேன். அப்புறம் சொல்லவே தேவையில்லை. அவளுக்கு அவ்வளவு பொறுப்பு.

போன வருஷம் கத்திரியில்தான் பரிசோதனை வைத்தார்கள். சான்றிதழ் கொடுக்கிற அமைப்பு. ஜனவரியில் பார்த்தால் என்ன மரியாதை, கத்திரியில் வாருங்கள் என்று நானே கேட்டு வாங்கின தேதி. ஒரு வாரம் வீடு முழுக்கக் கருவிகள். கடைசி நாள் பெரிய ஆட்கள் வந்தார்கள், கூடவே காலேஜில் படிக்கிற பிள்ளைகள், எல்லாரும் சேர்ந்து பத்துப் பதினைந்து பேர். அத்தனை பல்பு உள்ளே எரியும்போதும் இருபத்தாறு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் நிஜமான பரீட்சை.

வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டாமா? ஓட்டலில் சொல்லிவிடலாம் என்றாள் அமிர்தம். சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், தமிழ்நாட்டில் ஒரு வீடு. அதில் தினமும் சமைக்கிறோம், விருந்து வைக்கிறோம், அப்படியும் கரண்டு செலவு இல்லை என்று காட்டுவதற்குத்தானே கூப்பிட்டிருக்கிறேன். ஓட்டல் பொட்டலத்தை வைத்தால், சமைக்க லாயக்கில்லாத வீடு என்று ஆகிவிடாதா?

காலையில் ஒரு சின்னப் பேச்சு வந்தது. "இன்னிக்கு ஒரு நாள், அந்தக் கரண்டு அடுப்பை ஹால் மூலையில வச்சிக்கட்டுமா? ரசமும் அப்பளமும் மட்டும். அங்க நிக்க முடியலைங்க, தலை ஒரு மாதிரியா வருது" என்றாள். ஒரு வாரம் அளந்தது எல்லாம் வீணாகப் போகட்டுமா என்று கேட்டேன். அவள் ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். சத்தமெல்லாம் போடவில்லை நான். சிந்துஜா நினைப்பது மாதிரி இல்லை.

வந்தவர்களில் பெங்களூரிலிருந்து ஒரு பெண். நல்ல கெட்டிக்காரி. வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தாள். நானும் அவளும் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சன்னல் சன்னலாகப் போனோம். எங்காவது கசிவு இருந்தால் புகை வளையும். எங்கும் வளையவில்லை. கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. "சார், இந்தியாவுல இப்படி ஒரு நம்பர் நான் பாத்ததில்ல" என்றாள். எனக்கு அந்த நிமிஷம் போதும் என்று இருந்தது.

அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம். பெட்டி வழியாக ஒன்றொன்றாக வந்தது. ஒரு தட்டு, சோறு. ஒரு தட்டு, சாம்பார். ஒரு தட்டு, கத்திரிக்காய். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பையன் வீடியோ எடுத்தான்.

அப்போது அந்தச் சன்னல் வழியாக அமிர்தம் தெரிந்தாள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். புடவையெல்லாம் நனைந்துபோயிற்று. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

"கூப்பிடறாங்களா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா, ரசம் ரெடின்னு சொல்றா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் உள்ளே வந்திருக்கலாம். கதவு என்ன பூட்டியா இருந்தது? ஆனால் புடவை நனைந்திருந்தது, ஈரப்பதம் அளந்துகொண்டிருக்கிறார்கள். அவளுக்குத் தெரியும். முக்காலியில்கூட வந்து உட்காரவில்லை. அந்த மாதிரி நேரத்தில்கூட எனக்காக யோசித்தவள். அவளைப் போய், இந்த வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

ரசம் வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன், காலி. சாத்திவிட்டு இரண்டு தட்டு தட்டினேன். இல்லை. காலையில் நடந்த பேச்சை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கோபம் அப்படித்தான், வாயால் சொல்ல மாட்டாள். ஏதாவது ஒன்று வராது. "இன்னிக்கு ரசம் இல்லாமலே மோருக்குப் போயிடலாம்" என்று வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நிறையக் கேள்வி கேட்டார்கள்.

அந்தப் பெங்களூர்ப் பெண்தான் எழுந்து போனாள், மேடத்துக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டு வருகிறேன் என்று. போனவள் ஓடி வந்தாள், இரண்டு கதவையும் அகலமாகத் திறந்து போட்டுவிட்டு. அனல் அப்படியே உள்ளே வந்தது. நான் "கதவு, கதவு" என்றேன். அதைத்தான் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். அவள் எதற்காக ஓடி வருகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரசம் தரையில் கொட்டியிருந்தது. பாத்திரம் ஸ்டூலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. அமிர்தத்தின் உடம்பைத் தொட முடியவில்லை, அப்படிக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வெயில் தாக்கி இறந்தார் என்று டாக்டர் எழுதினார். அவளுக்குச் சர்க்கரை இருந்தது, அதை எழுதவில்லை. இருபத்தாறு டிகிரி வீட்டில் இருந்த ஒருத்தி வெயில் தாக்கி இறந்தாள் என்று எழுதினால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? அதைக்கூடவா ஒரு டாக்டர் யோசிக்க மாட்டார்?

சிந்துஜா வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பாத்திரம் விழுந்த சத்தம்கூட உங்களுக்குக் கேக்கலையாப்பா?" மூன்று கண்ணாடி. எப்படிக் கேட்கும்? அவளும் என்ஜினீயரிங் படித்தவள்தான்.

சாவு வீட்டைப் பற்றி யாரும் ஒரு கணக்கும் போட்டு வைப்பதில்லை. நானும் போடவில்லை. அது என் தவறு என்று வேண்டுமானால் சொல்லலாம், அந்த வகையில். ஐஸ் பெட்டி கொண்டுவந்து ஹாலில் வைத்தார்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில். ஐஸ் பெட்டி உள்ளே குளிர வைக்கும், பின்னால் சூட்டைத் துப்பும். அது துப்புகிற சூடு, கூடவே நூறு பேர். நூறு பல்பு. இருபத்தெட்டு, முப்பது என்று கண்ணெதிரே ஏறுகிறது. நான் வாசலில் நின்றுகொண்டு, நாலு நாலு பேராக வாருங்கள், ஒரு கதவை மூடிவிட்டு மறு கதவைத் திறங்கள் என்று சொன்னேன். மாலையை வைத்துக்கொண்டு இரண்டு கதவுக்கு நடுவில் நிற்க அவர்களுக்குக் கஷ்டமாம். தணிகாசலம், அமிர்தத்தின் தம்பி, "மாமா, தள்ளுங்க" என்று என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, இரண்டு கதவுக்கும் செங்கல்லை முட்டுக் கொடுத்தான். "எங்கக்கா மூச்சு முட்டிச் செத்துட்டா. வந்தவங்களாவது மூச்சு விடட்டும்" என்றான். அவள் மூச்சு முட்டிச் சாகவில்லை. அது டாக்டர் எழுதியதுகூட இல்லை.

முப்பத்தி நாலு ஆனபோது சிந்துஜாவிடம் மெதுவாகச் சொன்னேன். அம்மாவை வாசல் பந்தலில் வைத்துவிடலாம், எல்லாருக்கும் பார்க்க வசதி, உள்ளேயும் கொஞ்சம் தணியும் என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இப்பவாவது அம்மா உள்ள இருக்கட்டும்பா" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம் சொல்லுங்கள். இவ்வளவு நாளும் உள்ளேதானே இருந்தாள்? ராத்திரி தூங்கியது உள்ளேதானே?

தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் போன புகை திடீரென்று வடக்கே வளைந்தது. வாசல் காற்று என்றால் மேற்கே வளைய வேண்டும். அப்போதுதான் எழுந்து போய்ப் பார்த்தேன். வடக்குச் சன்னலை யாரோ கடப்பாரை போட்டு நெம்பியிருக்கிறார்கள். திறக்கவே கூடாத சன்னல் அது. அத்தையோ சித்தியோ ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், இப்பத்தான் அழறாரு" என்றாள்.

காரியம் முடிந்ததும் சிந்துஜா ஆள் வைத்து ஷெட்டைப் பிரித்துப் போட்டாள். தகரம், ஸ்டூல், ரேடியோ, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினாள். இந்த வீட்டை இனிமேல் யாருக்காவது காட்டினால் என்னோடு பேச மாட்டேன் என்றாள். பேசுவதும் இல்லை. சான்றிதழ் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போனில் காட்டுகிறது. கொஞ்ச நாள் போனால் புரிந்துகொள்வாள். நான் காட்டாமல் என்ன செய்வது? இந்த வீடு ஜெயித்த வீடு. இதை மூடி வைத்தால் அமிர்தம் பட்ட கஷ்டம்தான் எதற்கு?

வடக்குச் சன்னலை மறுபடி சரிசெய்துவிட்டேன். பெட்டியின் அந்தப் பக்கக் கதவையும் எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துப் பூசிவிட்டேன். ஷெட் இல்லாமல் அது வெயிலில் நேராகக் காய்ந்தது. மெஸ்ஸிலிருந்து கேரியர் வருகிறது. உள்ளே சூட்டின் அளவு முன்னைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று, அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் கணக்குப் போட்டது இரண்டு ஆளுக்கு. இப்போது ஒரு பல்பு குறைவு.

உங்கள் மனையின் படத்தை நேற்றே பார்த்து வைத்தேன். உங்களுக்கும் மேற்கேதான் இடம் இருக்கிறது. தகரம் வேண்டாம் என்றால் சிமெண்ட் ஷீட் போட்டுக்கொள்ளலாம், அது உங்கள் இஷ்டம். பெட்டிக்கு அதே பட்டறையில் சொல்லிவிடுகிறேன்.

அதோ பாருங்கள், உங்கள் வீட்டம்மா. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கிறார்கள். ஏதோ சொல்கிறார்கள். கேட்காது. நீங்களும் சும்மா கையை ஆட்டுங்கள், போதும்.

குடித்துவிட்டீர்களா? டம்ளரைக் கொடுங்கள், நான் வைக்கிறேன். இருங்கள், கொஞ்சம் இடம் பண்ண வேண்டும், நிறைய டம்ளர் இருக்கிறது உள்ளே. ம். ஆயிற்று.

டொக், டொக்.